“கேஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதித் தருவீர்களா, டொக்டர்?”

திருகோணமலை பாலையூற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. தனியார் நிதி நிறுவனமொன்றின் கிளையில் வேலை. தவணைப் பணம் அறவிட மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகவேண்டும். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. நான்கு வயதில் ஒரு மகள். போன வருடம் ஒருநாள் மத்தியானம் கிண்ணியாப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. கை விறைத்து, மூச்சு முட்டி, வேர்த்து ஒழுகி, “இதோட சரி” என்று நினைத்தாராம். வழியால் வந்தவர்கள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. அந்த மாதத்துக்குள் இன்னும் மூன்று தடவை அப்படியே வந்தது. இருதய நிபுணரைத் தனியாகக் காசு கட்டிச் சனல் பண்ணினார். எக்கோ, தைரொயிட், இரத்தப் பரிசோதனை என்று எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் கொழும்பில் ஒரு மனநல வைத்திய நிபுணர், “இது பெனிக் டிஸோடர்”, அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் வந்து உடம்பை ஆட்டுகிற நோய், என்று சொல்லி மாத்திரை தொடங்கினார். பன்னிரண்டு அமர்வு உளசிகிச்சையும் செய்யச் சொன்னார். தமிழில் பேசும் உளவியலாளர் ஒருவரிடம் ஒன்லைனில் நான்கு அமர்வு முடிந்திருக்கிறது. ஓர் அமர்வுக்கு 4,500 ரூபா.

அலுவலகம் எடுத்துக் கொடுத்திருக்கும் குழுக் காப்புறுதியில் வெளிநோயாளர் செலவுக்கு வருடம் 40,000 ரூபா வரை கிடைக்கும். அதை நம்பி, 71,500 ரூபாவுக்கான பற்றுச்சீட்டுகள் முழுவதையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். இருதயப் பரிசோதனைகள் 23,500. மனநல வைத்தியரும் மாத்திரையும் 30,000. நான்கு அமர்வு 18,000. “மனநோய் காப்புறுதியில் அடங்காது” என்று ஒரே வரியில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கவரை மனிதவளப் பிரிவில் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மனேஜர் “சுகமா தம்பி?” என்று கேட்கிற விதமே மாறிவிட்டதாம்.

இனி அவருடைய கேள்விகள். யூடியூபில் தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர், மனநோய்க்கும் காப்புறுதி நிறுவனம் கட்டாயம் பணம் கொடுக்கவேண்டும் என்கிறார். அப்படியென்றால் வழக்குப் போடலாமா? தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று பில் எழுதச் சொல்லலாமா? மனைவிக்கு இருக்கிற அக்ரஹார என்ற அரச ஊழியர் காப்புறுதியில் ஏதாவது கிடைக்குமா? 2019இல் எடுத்த ஆயுள் காப்புறுதி ஒன்று இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் வாட்டில் படுத்தால் அதில் பணம் வருமா? “அதை விட்டுவிடு, மாதம் 6,500க்குப் புதிய மருத்துவப் பொலிசி போட்டுத் தருகிறேன், நோயைப் பற்றி மட்டும் எழுதாதே” என்கிறார் ஒரு முகவர், சரியா? பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக மனமில்லை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு அங்கே மாத்திரையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்று நினைக்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், செலவு தாங்காமல் மாத்திரையை நிறுத்திப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் நான் தொடங்கவேண்டும்.

மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாள் தலை சுற்றியது, தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல இருந்தது, “அப்போ நான் இதுக்கு அடிமையாகிட்டேனா” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் எழுதிய செர்ட்ரலின் போதை தரும் மாத்திரை இல்லை. உடம்பு அதற்குப் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் இப்படிச் சில நாள் குழப்பும். அதனால்தான் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். இது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதுதான் வழக்கம், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். படபடப்பு வந்தால் போடச் சொன்ன மற்றச் சின்ன மாத்திரையின் கதை வேறு. அந்த வகைக்குத்தான் உடம்பு அடிமைப்படும். அதைப் பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். தினமும் போட்டுப் பழகியிருந்தால் அதையும் ஒரேயடியாக விடக்கூடாது, வைத்தியரிடம் சொல்லிக் குறையுங்கள். செலவை எங்கே குறைப்பது என்று கீழே சொல்கிறேன். மாத்திரையில் மட்டும் கைவைக்கவேண்டாம்.

இந்தியச் சட்டம் இந்தியாவுக்கு

நீங்கள் பார்த்த காணொளியில் சொன்னது உண்மைதான். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்புறுதி கொடுக்கிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுங்கள் என்று நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அமெரிக்காவிலும் 2008இல் இந்தக் கருத்தில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் பாக்குநீரிணையைத் தாண்டி அந்த இந்தியச் சட்டம் இலங்கைக்கு வராது. எங்கள் நாட்டில் மனநோய் பற்றிய கட்டளைச் சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், ஆளை எப்படி ஆஸ்பத்திரியில் அடைப்பது என்பதற்காக எழுதினது. காப்புறுதி பற்றி அதில் என்ன இருக்கப்போகிறது? ஆகவே இங்கே உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருப்பது பொலிசி ஒன்றுதான். அதில் “அடங்காதவை” என்ற தலைப்பின் கீழ் மனநோய் இருந்தால், அதை எதிர்த்து வழக்குப் போட உங்களுக்குப் பிடிமானம் குறைவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சட்டம் இருக்கிற இந்தியாவிலேயே பெரும்பாலான பொலிசிகள் ஆஸ்பத்திரியில் படுப்பவருக்கானவை. வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருகிற உளசிகிச்சைக்குப் பலர் அங்கேயும் தங்கள் கைக்காசைத்தான் கொடுக்கிறார்கள். காணொளியில் அது வந்திருக்காது.

எங்கள் பொலிசிகளில் மனநோய் எந்த வரிசையில் வரும் தெரியுமா? மது, போதை, தனக்குத்தானே செய்துகொண்ட காயம், மனநோய், அழகுக்கான சத்திரசிகிச்சை. இந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் கோபத்தை வைத்துப் பணம் எடுக்க முடியாது. குழுக் காப்புறுதியை நிறுவனங்கள் பெரும்பாலும் வருடாவருடம் புதுப்பிக்கின்றன. எதைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு என்று அந்த நேரத்தில் முதலாளி பேசமுடியும். உங்கள் ஊழியர் நலன்புரிச் சங்கம், “வெளிநோயாளர் செலவில் மனநல வைத்தியரையும் சேருங்கள்” என்று பொதுவாக ஒரு கடிதம் கொடுக்கலாம். உங்கள் பெயர் அதில் வரவேண்டியதில்லை. இந்த வருடம் உங்களுக்கு உதவாது. அடுத்த வருடம் வேறு யாருக்காவது உதவலாம்.

கவரை இரண்டாகப் பிரியுங்கள்

இருந்தாலும் உங்களுக்கு வந்த பதிலை அப்படியே ஏற்கவேண்டாம். நீங்கள் விட்ட பிழை, மூன்று விதமான செலவை ஒரே கட்டாகக் கொடுத்தது. அவர்கள் மேலே இருந்த மனநல வைத்தியரின் பில்லைப் பார்த்திருப்பார்கள், கட்டு முழுவதையும் திருப்பிவிட்டார்கள்.

நெஞ்சு இடிக்கிறது என்று போனவருக்கு ஈசிஜி எடுப்பதும், எக்கோ பார்ப்பதும், தைரொயிட் சோதிப்பதும் மனநோய்ச் சிகிச்சை அல்ல. அந்த நேரத்தில் உங்களுக்குப் பெனிக் டிஸோடர் என்று யாருக்கும் தெரியாது. 33 வயது ஆணுக்கு நெஞ்சிடியும் வேர்வையும் வந்தால் இருதயத்தைப் பார்க்காமல் விடுகிற வைத்தியர்தான் பிழை செய்தவர். ஆகவே அந்த 23,500 ரூபாப் பற்றுச்சீட்டுகளைத் தனியாக எடுங்கள். இருதய நிபுணரிடம் போய், “நெஞ்சிடிக்கான பரிசோதனை” என்று ஒரு சின்னக் கடிதம் வாங்குங்கள். அது முழு உண்மை, அவர் தயங்கமாட்டார். அதை வைத்து மறுபரிசீலனை கேளுங்கள். கோரிக்கைகளுக்குக் காலக்கெடு வைத்திருப்பார்கள், ஆகவே இந்த வாரமே செய்யுங்கள்.

நிராகரித்தால், எந்த வாசகத்தின் கீழ் நிராகரிக்கிறார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பொலிசியில் அந்த வாசகம் இருக்கிற பக்கத்தையும் கேளுங்கள். குழுக் காப்புறுதியின் மூலப் பொலிசி அலுவலகத்தில்தான் இருக்கும், ஊழியர் பலர் அதைக் கண்ணால் கண்டதேயில்லை. நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியும் சரிவராவிட்டால், இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கக் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். அதற்கு மேல் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. அவர்கள் பார்ப்பது பொலிசியில் எழுதியபடி நடந்தார்களா என்பதை. மனநோயை விலக்கிய வரியை அவர்கள் அழித்துத் தரப்போவதில்லை. அதனால் 23,500க்காகப் போராடுங்கள்; அமர்வுக் கட்டணத்துக்காக அங்கே அலையவேண்டாம்.

கவர் திறக்கப்பட்ட விஷயம். உங்கள் மனம் நொந்தது எனக்கு விளங்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனி வகையாக வைத்திருக்கிறது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது, ஆகவே அதைக் காட்டிச் சண்டைக்குப் போகச் சொல்லமாட்டேன். இனிமேல் கோரிக்கையை நேராகக் காப்புறுதி நிறுவனத்துக்கே அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “நெஞ்சிடிக்கு மருந்து எடுக்கிறேன் சேர், இப்ப பரவாயில்லை” என்றால் போதும். அதில் பொய்யும் இல்லை.

பொய்ப் பில், பொய்ப் படிவம்

தலைப்பில் இருக்கிற கேள்வி என் மேசைக்கு மாதத்தில் ஒருவராவது கொண்டுவருவது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாதக் கடைசி, கையில் காசில்லை, பொலிசியில் 40,000 சும்மா கிடக்கிறது. நான் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கான காரணத்தில் என்னுடைய வைத்தியர் பதிவு இலக்கம் பாதி. மற்றப் பாதி நீங்கள். கேஸ்ட்ரைட்டிஸ் என்று பில்லும் செர்ட்ரலின் என்று மருந்துத் துண்டும் ஒரே கோப்பில் போனால், கோரிக்கையைச் சரிபார்க்கிற பிள்ளைக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆகாது. பொய்க் கோரிக்கை கொடுத்தவர் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலைக்கே பிரச்சினை. நீங்கள் வேலை செய்வதும் காசுக் கணக்குப் பார்க்கிற இடத்தில். இதையெல்லாம் விட்டாலும், நாளைக்கு உண்மையாகவே வயிற்றில் புண் வந்து நீங்கள் போகும்போது, இல்லாத ஒரு பழைய நோய் உங்கள் பதிவில் உட்கார்ந்திருக்கும்.

முகவர் சொன்னது இதைவிட ஆபத்து. காப்புறுதி ஒப்பந்தத்தில், கேட்கிற எல்லா முக்கிய விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டியது எடுப்பவரின் கடமை. முன்மொழிவுப் படிவத்தில், “மன அல்லது நரம்பு சம்பந்தமான நோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா?”, “நெஞ்சு வலி வந்ததுண்டா?” என்ற மாதிரிக் கேள்விகள் வரும். முகவர் தன் கையால் “இல்லை” என்று கீறினாலும் கீழே கையெழுத்து உங்களுடையது. அவர் வாயால் சொன்ன உறுதி எதுவும் அந்தத் தாளில் ஏறாது. ஐந்து வருடம் கழித்து வேறு ஏதோ ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்குப் பணம் கேட்டுப் போவீர்கள். பெரிய தொகை என்றால் பழைய பதிவுகளைத் தேடுவார்கள். அப்போது போன வருடத்து ஈசிஜியும் மனநல வைத்தியரின் துண்டும் கிடைத்தால், மறைத்தீர்கள் என்று சொல்லி முழுப் பொலிசியையும் செல்லாது என்று விடலாம். கட்டின காசும் போய், சிகிச்சைச் செலவும் தலையில்.

உண்மையைச் சொல்லி எடுத்தால்? சிலர் அந்த நோயை மட்டும் விலக்கித் தருவார்கள், சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், சிலர் ஒரு வருடம் கழித்து வரச் சொல்வார்கள். வேறு நோய்களுக்காக எடுக்க நினைத்தால் அது நல்ல வழிதான். பெனிக் டிஸோடர் சிகிச்சைக்காக என்றால் பயனில்லை. மாதம் 6,500 என்றால் வருடத்துக்கு 78,000 ரூபா. உங்களுக்கு மீதம் இருப்பது எட்டு அமர்வு, 36,000 ரூபா. அமர்வுக்கு ஒரு சதமும் தராத பொலிசிக்கு, அமர்வுகளின் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டப்போகிறீர்கள். இந்தக் கணக்கை முகவர் உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை, இல்லையா?

முக்கியமாக, 2019இல் எடுத்த ஆயுள் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் சுகமாக இருந்தபோது உண்மை சொல்லி எடுத்தது. பொதுவாக, எடுத்த பிறகு வந்த நோயை ஒவ்வொன்றாக அறிவிக்கவேண்டியதில்லை. உங்கள் பொலிசியில் வேறுவிதமாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தவணை தவறி அது காலாவதியானால், உயிர்ப்பிக்கப் போகும்போது மறுபடியும் உடல்நலப் படிவம் நீட்டுவார்கள். அப்போது இந்த நோயையும் எழுதவேண்டி வரும். ஆகவே கைச்செலவைக் குறைத்தாவது அதைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

வாட்டில் படுப்பதைப் பற்றி: அந்தப் பொலிசியில் இருக்கிற நாளாந்தக் கொடுப்பனவு ஆஸ்பத்திரியில் தங்கிய இரவுகளுக்கானது. அதிலும் மனநோய் விலக்கப்பட்டிருக்கக்கூடும், வாசித்துப் பாருங்கள். அக்ரஹார, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் திட்டம். ஆசிரியையின் கணவராக உங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அதுவும் பிரதானமாக ஆஸ்பத்திரியில் தங்குவதைச் சுற்றியே கட்டப்பட்டது. மனைவி தன் வலயக் கல்வி அலுவலகத்தில் இதைப் பார்க்கும் எழுதுவினைஞரிடம் ஒரு தடவை கேட்டுவைக்கட்டும். ஆனால் காசுக்காகப் போய்ப் படுக்காதீர்கள். உங்கள் நோய்க்குச் சிகிச்சையே, “இது வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதில்லை” என்று உடம்புக்குப் பழக்குவதுதான். படுக்கப் போனால், ஓடவேண்டியது என்று திரும்பவும் படிப்பிக்கிறீர்கள்.

ஏற்கெனவே கட்டப்பட்ட சிகிச்சை

இப்போது பெரியாஸ்பத்திரி. நீங்கள் தேடுகிற காப்புறுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பொலிசி இலக்கம் மட்டும் கிடையாது. கடையில் சாமான் வாங்கும்போது கட்டுகிற வரியில் அதற்குத் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மனநலச் சேவையைக் கொழும்புக்குப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரியிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது வேகம் பிடித்தது. இன்று திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் நடக்கிறது. கொழும்பில் எழுதிய அதே மாத்திரையோ அதே வேலை செய்யும் இன்னொன்றோ இலவசமாகக் கிடைக்கும். மருந்தகத்தில் முடிந்துபோயிருந்தால் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொல்வார்கள். 2022இல் அது அடிக்கடி நடந்தது, இப்போதும் இடைக்கிடை நடக்கும். அப்படி நடந்தாலும் கொழும்புப் பயணமும் சனல் காசும் மிச்சம்.

குறைகளையும் சொல்கிறேன். வாங்கில் காத்திருக்கவேண்டும். வைத்தியர் உங்களோடு முக்கால் மணி நேரம் இருந்து பேசமாட்டார், வெளியே வரிசை நிற்கும். அரச சேவையில் உளவியலாளர்கள் குறைவு. ஆனால் “மாத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை” என்பது பிழை. உளநலப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள், தாதியர், சமூகப் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். மூச்சுப் பயிற்சி முதல் குடும்பத்தாரோடு பேசுவது வரை அவர்கள் செய்வார்கள். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். வீட்டுப் பிரச்சினை, வேலை அழுத்தம் பற்றிப் பேச அது நல்ல இடம், காசில்லை. ஆனால் பெனிக் டிஸோடருக்கான முறையான சிகிச்சைக்கு உங்கள் உளவியலாளரை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் கிண்ணியாப் பாலத்தில் ஏறவில்லை. கிண்ணியாவுக்கு அறவிடப் போகும்போது தம்பலகாமம் சுற்றிப் போகிறீர்கள், பெற்றோலும் நேரமும் போகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்களெல்லாம் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற படகில், ஏறிக் கடந்த ஆட்கள். அந்தப் பாலத்தின் அருமை எனக்குத் தெரியும்! மாத்திரை நெஞ்சிடியைக் குறைக்கும். பாலத்தில் ஏற வைக்காது. அதைச் செய்வது உளசிகிச்சை. முதல் நான்கு அமர்வில் நோயை விளங்கப்படுத்தியிருப்பார், மூச்சை, நினைப்பைக் கவனிக்கச் சொல்லியிருப்பார். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிற வேலை இனித்தான் தொடங்கும். அத்திவாரம் வெட்டிப்போட்டு வீடு கட்டாமல் விடுகிற மாதிரி ஆகிவிடும், இப்போது நிறுத்தினால்.

ஆகவே என் யோசனை இது. மாத்திரையையும் வைத்தியரையும் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றுங்கள். அமர்வை வாரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்க முடியுமா என்று உளவியலாளரிடம் வெளிப்படையாகக் காசுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் கட்டணத்தையும் குறைப்பார்கள். நாங்கள் கேட்டால்தானே தெரியும். மாதம் 9,000 ரூபா, நான்கு மாதம். அந்த 23,500 திரும்பி வந்தால் அதிலேயே ஐந்து அமர்வு முடியும். இடையில் வருகிற வாரத்துக்கு வீட்டு வேலை கேட்டு வாங்குங்கள்: முதலில் பாலத்தின் இந்தப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திப் பத்து நிமிடம் நிற்பது, பிறகு ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாதி தூரம், இப்படி. அந்த நேரத்தில் நெஞ்சு இடிக்கும். பெனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். இறங்கும்வரை அங்கேயே நிற்பதுதான் மருந்து. எந்தப் படி எப்போது என்பதை அவரோடு பேசி முடிவெடுங்கள், நான் எழுதினேன் என்று நாளைக்கே ஏறவேண்டாம். மாடி ஏறும்போது, பாரம் தூக்கும்போது புதிதாக நெஞ்சு வலி வந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் உடனே காட்டுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரவில் மனம் தாங்காமல் போனால் 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

புதிதாக வேறொருவரிடம் போவதென்றால் அவர் யாரென்று விசாரியுங்கள். வைத்தியருக்கு மருத்துவ சபையில் பதிவு இருப்பதுபோல “உளவளத்துணையாளர்” என்ற பெயருக்கு இங்கே கட்டாயப் பதிவு இல்லை. மூன்று மாதப் பாடநெறி முடித்தவரும் பெயர்ப்பலகை போடலாம். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தங்கச்சியின் கலியாணம் பற்றி எனக்குச் சுலபமான பதில் இல்லை. ஊர் பேசும், நான் பேசாது என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் கிளினிக் வாங்கில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால், அவரும் உங்களைப் போலவே யாரும் பார்த்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இருப்பார். நான் கண்ட மட்டில் அங்கே பார்த்ததை வெளியே பேசுகிறவர்கள் குறைவு. பாலையூற்றில் வைத்து உங்கள் வீட்டார் ஒரு பெரிய ரகசியத்தைக் காக்கிற மாதிரி நடந்துகொள்வதுதான் அயலுக்கு முதலில் தெரியும். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டுவித்ததாக எழுதியிருந்தீர்கள். கட்டட்டும், அவவின் மனசுக்கு ஆறுதல். நூல் கையில் இருக்க மாத்திரை வாயில் போகட்டும்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் கொழும்பு வைத்தியரின் துண்டு, ஈசிஜி, எக்கோ, தைரொயிட் அறிக்கைகள், இப்போது போடுகிற மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து தொடங்குவார்கள். முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, உளநலக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேளுங்கள். கொழும்பு வைத்தியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வட்ஸ்அப்பில் கேட்டு அச்சடித்து வைத்தால் இன்னும் நல்லது. மாத்திரை முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். அரைநாள் லீவு போதாது, முழு நாளாகப் போடுங்கள்.